தேவநேசம் டீச்சர் காரில் சொட்டிய நல்லெண்ணெய்

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தெருவில் தேவநேசம் டீச்சர் வீட்டு வாசலில் நின்ற பச்சைக் காரின் வயிற்றிலிருந்து நல்லெண்ணெய் சொட்டத் தொடங்கியபோது, யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் கையெடுத்துக் கும்பிடவும் இல்லை, ஏனென்றால் எங்கள் ஊர் விருதுநகர். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி விருதுநகர்க்காரன் அலட்டிக்கொள்ள மாட்டான், அது கல்செக்கா இரும்புச் செக்கா, கருப்பட்டி போட்டு ஆட்டினதா போடாமல் ஆட்டினதா என்பதுதான் அவனுக்கு முக்கியம். தெருக்கோடியில் எண்ணெய் மில் வைத்திருக்கும் தவசிலிங்கம் அண்ணாச்சியைக் கூட்டிவந்தார்கள். அவர் காருக்கு அடியில் வைத்திருந்த தகரத் தட்டில் விரலை விட்டு, இரண்டு சொட்டு எடுத்து உள்ளங்கையில் போட்டு, மறு உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து, கண்ணை மூடி மோந்து பார்த்து, கடைசியாக நாக்கு நுனியில் வைத்தார்.

"கல்செக்கு. கருப்பட்டி போட்டு ஆட்டினது. நம்ம மில்லு எண்ணெயவிட நல்லாருக்கு" என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் வாடியது.

விசாரணை அத்தோடு முடிந்தது. ஏன் இப்படி என்று கேட்டவர் ஒரே ஒருவர், வங்கிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த மேனேஜர். அவர் வெளியூர்க்காரர், பாவம், அவருக்கும் ஒரு டம்ளர் எண்ணெய் கொடுத்து அனுப்பினோம்.

நான் அண்ணாச்சி மில்லில் பம்பு ஃபிட்டர். பெயர் பால்வண்ணன். என் வீட்டுக்காரி அமிர்தக்கனி தெருமுனையில் வடைக்கடை போட்டிருக்கிறாள். இந்தக் கதையில் நானும் ஒரு அயோக்கியன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது.

டீச்சர் முப்பத்திரண்டு வருடம் வெளியூர் பாலிடெக்னிக்கில் மோட்டார் பாடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர், தனி ஆள், அறுபத்தோரு வயது. முப்பத்திரண்டு வருடமும் அவர் பாடம் நடத்தியது குறுக்காக அறுத்து பெயின்ட் அடித்து மேசைமேல் வைத்த ஒரு எஞ்சினை வைத்துத்தான். சிவப்பு அடித்த இடத்தில் எரியும், நீலம் அடித்த இடத்தில் காற்று போகும், மஞ்சள் அடித்த இடத்தில் எண்ணெய் ஓடும் என்று குச்சியால் காட்டிக் காட்டி, எதுவுமே எரியாத எதுவுமே ஓடாத அந்த இரும்பைப் பற்றி ஆயிரக்கணக்கான பையன்களுக்குச் சொல்லிச் சொல்லி, அவருக்கே ஒரு வெறுப்பு வந்துவிட்டதாம். ஓய்வு பெற்ற மறுமாதம் கொடைக்கானலில் ஏதோ ஒரு பங்களாவின் பின்கட்டில் கோழி அடைந்து கிடந்த காரை வாங்கினார். ஆஷ்கோம் என்று ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, என்றைக்கோ மூடிவிட்டார்கள், ஐம்பத்து நான்காம் வருடத்து ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, சக்கரத்தில் சைக்கிள் மாதிரி கம்பி. அதை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார். லாரி முதுகில் இறங்கிவந்த வண்டி தன் காலிலேயே மலை ஏற வேண்டும், நான்தான் ஓட்ட வேண்டும், எனக்கு வேறு ஆசை எதுவும் பாக்கியில்லை என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

அதற்கு ஒரு கெடுவும் இருந்தது. டீச்சருக்கு இடது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது, வைகாசியில் மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்து கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அதை மிதிப்பதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஏறினால் வைகாசிக்குள் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இல்லை.

காரைக் குணமாக்க டீச்சர் அலைந்த அலைச்சல் பெரிய கதை. அதன் நட்டுகளுக்கு நம் ஊர்க் கடையில் உள்ள எந்த ஸ்பேனரும் சேரவில்லை, மில்லிமீட்டரும் சேரவில்லை, சாதாரண இஞ்சும் சேரவில்லை. கடைசியில் காரைக்குடியில் பழைய சாமான் கடையொன்றில் வெண்கலக் குத்துவிளக்குகளுக்கு நடுவே அந்த ஸ்பேனர் செட்டைக் கண்டுபிடித்தார். சக்கரத்துக்குக் கம்பியை மதுரையில் ஒரு சைக்கிள் கடைக்காரர் முறுக்கிக் கொடுத்தார், தண்ணீர் பம்பின் இறக்கையைக் கோயம்புத்தூரில் லேத்தில் கடைந்தார்கள், கார்புரேட்டர் ஊசியை பெங்களூரில் ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர் மாதம் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும் என்ற கண்டிஷனில் கொடுத்தார், விளக்குக் கண்ணாடிக்காகச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் பதின்மூன்று முறை போய்வந்தார். ஆனால் ஒரு பிடிவாதம் மட்டும் அவருக்கு இருந்தது. வெளியில் எதை வேண்டுமானாலும் மாட்டலாம், எஞ்சினுக்குள்ளே போகும் சாமான் மட்டும் இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டும், அந்த எஞ்சினின் அளவு அவர்களுக்குத்தான் தெரியும் என்பார். அந்தப் பேச்சை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டவன் நான்.

எண்ணெய் விஷயத்திலும் டீச்சர் கறார். பழைய எஞ்சினுக்கு இடுக்குகள் பெரிது, மெலிந்த எண்ணெய் நிற்காது, கேம் ஷாஃப்ட் தேயாமல் இருக்கத் துத்தநாகம் கலந்திருக்க வேண்டும், ஆகவே இருபது-ஐம்பது நம்பர், அதிலும் செயற்கை கலக்காத மினரல்தான் என்று அவர் தெருவில் நின்று யாரிடமோ சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. அதை ஊற்றியபோதுதான் நல்லெண்ணெய் வந்தது. எஞ்சினுக்குள் இருக்கும்வரை அது எஞ்சின் ஆயில்தான், அளவுக்குச்சியில் கறுப்பாகவே ஒட்டும். வெளியே வந்து தட்டில் விழும்போது தேன் நிறத்தில் கமகமவென்று விழும். ஒரு லிட்டர் ஊற்றினால் விடிவதற்குள் மூன்று லிட்டர் இறங்கும்.

முதல் வாரத்திலேயே தூக்குவாளி வரிசை வந்துவிட்டது. கூட்டம் போடாமல், பேசி முடிவு பண்ணாமல், தானாகவே ஒரு முறையும் வந்துவிட்டது: பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதலில், அடுத்தது கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் தலைக்குத் தேய்க்க, புதனும் சனியும் ஆண்களுக்கு, அம்மன் கோவில் விளக்குக்கு நாள்தோறும் ஒரு கரண்டி, மிச்சம் இருப்பது கனியின் வடைச்சட்டிக்கு. அந்த எண்ணெயில் பொரித்த பருப்பு வடையைத் தின்றவர்கள் தின்றபடியே அடுத்த வடைக்குக் கை நீட்டினார்கள். சாத்தூர்க்காரர்கள் பஸ் ஏறி வந்தார்கள். பத்து வருடமாக ஒற்றை அடுப்பில் உட்கார்ந்து புகை தின்ற கனி இரண்டாவது அடுப்பு போட்டாள், பிறகு மூன்றாவது போட்டாள், இடுப்பில் கைவைத்து நின்று மூன்றையும் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பங்குனிப் பொங்கல் நெருங்கியது, முறுக்குக்குக் கடலை எண்ணெய் இல்லாமல் எப்படி என்று பெண்கள் டீச்சரிடம் கேட்டார்கள். அவர் யோசித்து, நம் ஊர் வெயிலுக்கு ஒற்றை நாற்பது நம்பர் ஊற்றினாலும் எஞ்சின் கோபித்துக்கொள்ளாது என்று ஊற்றிப் பார்த்தார். விடிந்ததும் தட்டு நிறைய கடலை எண்ணெய். லாரிக்கு ஊற்றும் டீசல் எஞ்சின் ஆயிலை ஒருநாள் ஊற்றினார், சுத்தமான விளக்கெண்ணெய் வந்தது, தெருப் பிள்ளைகள் அன்று முழுக்க வீட்டுக்கு வரவில்லை. கல்யாணமாகி ஒரு மாதம் ஆன மருமகள்கள் மோட்டார் சாமான் கடைக்குப் போய், இது மினரல்தானா, துத்தநாகம் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். கடைக்காரர் முதலில் முழித்தார், பிறகு அவரும் தூக்குவாளியோடு வந்து வரிசையில் நின்றார்.

ஒரே ஒரு முறைதான் துக்கம் நடந்தது. சென்னையில் பெரிய வேலையில் இருந்த பழைய மாணவர் ஒருவர் டீச்சர் மேல் உள்ள மரியாதையில் வெள்ளி நிற டப்பாவில் முழுக்க முழுக்கச் செயற்கையான, விலை உயர்ந்த ஆயிலை அனுப்பிவைத்தார். பையன் மனசு நோகக் கூடாதென்று டீச்சர் அதை ஊற்றினார். காலையில் பார்த்தால் பாமாயில். ரேஷன் கடையில் பாக்கெட்டில் கொடுப்பார்களே, அதேதான். அண்ணாச்சி விரலை விட்டார், துண்டில் துடைத்தார், வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள் அந்தப் பக்கம் போனவர்கள் தட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, டீச்சருக்கு மட்டும் நன்றாக இல்லை. நிற்கும்போது சொட்டுகிற வண்டி ஓடும்போது கொட்டியது. மாசிக் கடைசியில் ஒருநாள் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கு என்று கிளம்பினார், நாங்கள் எல்லோரும் கைகாட்டி அனுப்பினோம், கள்ளிக்குடி தாண்டுவதற்குள் அளவுக்குச்சி காய்ந்துவிட்டது. அவர் போன பாதை முழுக்கத் தார் ரோட்டில் பொன் நூல் மாதிரி ஒரு கோடு, கள்ளிக்குடிப் பெண்கள் துணியை ஒற்றி ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்களாம். டீச்சர் மாலையில் டிராக்டர் பின்னால் கட்டி இழுத்துவரப்பட்டார். ஸ்கார்ஃபைக்கூட அவிழ்க்காமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். காருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்து, டார்ச் அடித்துக் காட்டினார்.

"இங்க பாருங்க தம்பி. கிராங்க் ஷாஃப்ட் பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கு. அதுல ஒரு கயிறு உக்காந்திருக்கும். நூலை முறுக்கி, கிராஃபைட் ஏத்தி, சதுரமா அழுத்தின கயிறு. அது செத்துப்போச்சு. இந்த வண்டிக்கு இது ஒண்ணுதான் வியாதி. இங்கிலாந்துக்கு எழுதியிருக்கேன்."

நான் தலையாட்டினேன். சதுரக் கயிறு. கிராஃபைட் ஏற்றியது. கறுப்பாக, தொட்டால் விரலில் ஈயம் மாதிரி ஒட்டும். எங்கள் மில்லில், என் அறையில், என் தலைக்கு மேலே ஆணியில் அது ஒரு சுருள் தொங்குகிறது. பம்பில் எண்ணெய் ஒழுகினால் ஒரு துண்டு வெட்டி ஷாஃப்டைச் சுற்றித் திணிப்பேன், ஒழுகல் நிற்கும், பதினேழு வருடமாக வாரம் தவறாமல் செய்கிற வேலை. விருதுநகரில் எந்த எண்ணெய் மில்லுக்குள் போனாலும் அந்தக் கயிறு ஒரு முழமாவது இருக்கும். அதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் தெருமுனையிலிருந்து வடைவாசனை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, உன்னிடம் கயிறு இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார்களா என்றார். கேட்கவில்லை என்றேன். கேட்காதவர்களுக்கு, அதுவும் படித்தவர்களுக்கு, நாம் போய்ச் சொல்வது மரியாதை இல்லை என்றார். எனக்கு அது அப்போது ரொம்ப நியாயமாகப் பட்டது. மில்லில் பதினோரு பேருக்கு அந்தக் கயிற்றைத் தெரியும், பதினோரு பேர் வீட்டிலும் தூக்குவாளி இருந்தது. சத்தியம் எதுவும் நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. டீச்சர் வீட்டைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக நடந்தோம்.

இங்கிலாந்தில் ஆர்தர் என்று ஒரு கிழவர், மூடிப்போன அந்தக் கம்பெனியின் சாமான்களைத் தன் வீட்டு ஷெட்டில் அடுக்கிவைத்து விற்பவர். நாற்பது நாள் கழித்து அவரிடமிருந்து பார்சல் வந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது, நாங்கள் எல்லோரும் முகத்தைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டோம். டீச்சர் பிரித்தார், அளந்தார். அது இரண்டாம் மாடலுக்கு உள்ளது, இது முதல் மாடல், இரண்டுக்கும் ஒரு நூல், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு வித்தியாசம், சேராது. அடடா என்று நாங்கள் சொன்ன வேகத்தில் ஒரு குழந்தைகூட எங்களைக் கண்டுபிடித்திருக்கும். டீச்சர் கண்டுபிடிக்கவில்லை, எங்களைப் பற்றி அப்படி நினைக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

சித்திரை பாதியில் ஆர்தர் இரண்டாவது தடவை எழுதினார். முதல் மாடலுக்கு அவரிடம் இருந்த கடைசி ஜோடி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதாம், மிகவும் வருந்துகிறாராம், விருதுநகரில் வெயில் எப்படி என்று விசாரித்திருந்தார்.

அன்று மத்தியானம் கனி வழக்கம்போல் இரண்டு வடையைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் காரின் சீட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தாராம், எஞ்சின் ஓடவில்லை, சும்மா. கனியைப் பார்த்ததும், அந்தச் சதுரக் கறுப்புக் கயிறு இனிமேல் கிடைக்காது கனி, ஆபரேஷனை முன்னாடியே வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன் என்றாராம். பிறகு வடையைக் கடித்துக்கொண்டே, வண்டி இப்படியே நிற்கட்டும், என் ஆசைதான் வீணாகிவிட்டது, எண்ணெயாவது உங்கள் எல்லோருக்கும் பிரயோசனமாக இருக்கட்டும், நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நீயே ஆயில் ஊற்றிக்கொள் என்று சாவியை அவள் கையில் கொடுத்தாராம்.

கனி கடைக்குத் திரும்பவில்லை. நேராக மில்லுக்கு வந்தாள், கல்யாணமாகி பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக என் அறைக்குள் வந்தாள். ஆணியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, இது எதுக்கு?"

சொன்னேன். பொய் சொல்ல முடியவில்லை. சாவி அவள் கையில் இருந்தது.

"எத்தன நாளா?"

"மாசியிலருந்து."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவ்வளவுதான் சொன்னாள்: "எனக்கும் தெரியும்னே வெச்சுக்கங்க. நீங்க வந்து படுக்கும்போதெல்லாம் எதையோ முழுங்குனது மாதிரி இருந்தீங்க. என்னன்னு ஒரு நாள் கேட்டிருக்கணும்ல? கேக்கல. மூணு அடுப்பு எரியுதுல்ல, அதான் கேக்கல."

எனக்கு அவமானமாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் ஒரு மனுஷன் தன் பெண்டாட்டி முன்னால் அப்படி நின்றிருக்கக் கூடாது. ஸ்டூலைப் போட்டு ஏறி, கயிற்றுச் சுருளை ஆணியிலிருந்து எடுத்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் தெருவழியே நடந்து போனோம். கயிற்றைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒருவர்கூடத் தடுக்கவில்லை, ஒருவர்கூடக் கூட வரவும் இல்லை. டீச்சர் முன்னால் போய் நின்றதும் கனிதான் பேசினாள்.

"டீச்சர், நீங்க தேடுற கயிறு எங்க மில்லு ஆணில தொங்குது. இவருக்கு மாசியிலருந்து தெரியும். ஊருக்கே தெரியும். எண்ணெய் நின்னுரும்னு சொல்லாம இருந்துட்டோம்."

டீச்சர் கயிற்றை வாங்கினார். நகத்தால் சுரண்டினார், மோந்து பார்த்தார், வளைத்துப் பார்த்தார்.

"என்ன சைஸ்?" என்று கேட்டார்.

"மூணு நூல், டீச்சர். எங்க பம்பும் வெள்ளைக்காரன் காலத்துப் பம்புதான்."

அவர் முகம் மெதுவாகச் சிவந்தது. "நீங்க மறைச்சது தப்பு. முப்பத்திரண்டு வருஷம் இதையே பாடம் நடத்திட்டு, இதே தெருக்கோடியில இருக்கிற மில்லுக்குள்ள ஒரு தடவ எட்டிப் பாக்காம இங்கிலாந்துக்கு லெட்டர் போட்டுக்கிட்டிருந்தேனே, அது அதவிடப் பெரிய மடத்தனம். எனக்கு ரெண்டுக்கும் சேத்துக் கோவம் வருது. இப்ப போங்க. நாளன்னைக்கு வாங்க. வரும்போது மில்லுலருந்து செயின் பிளாக் கொண்டுவாங்க, எஞ்சினை இறக்கணும்."

சொன்ன நாளில் போனபோது தெருவில் பாதிப் பேர் எங்களுக்கு முன்னாலேயே போய் நின்றார்கள். வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டி எஞ்சினைத் தூக்கினோம், கிராங்க் ஷாஃப்டைக் கழற்றினோம், செத்த கயிற்றைக் கம்பியால் நோண்டி எடுத்தோம். வெளியே வந்தது கையில் பிடித்தவுடன் தூளானது. புதுக் கயிற்றைப் பள்ளத்தில் வைத்து உருட்டுக் கம்பியால் அழுத்தி அழுத்தி உட்காரவைத்தேன், நுனியை பிளேடால் டீச்சர் வெட்டினார். பதினேழு வருடம் செய்த வேலைதான், ஆனால் அதுவரை நான் அடைத்த எந்த ஒழுகலுக்காகவும் தெருவில் பெண்கள் மௌனமாக நின்றதில்லை.

எண்ணெய் ஊற்றும் நேரம் வந்தபோது அண்ணாச்சி வந்தார். மூன்று நாளாக மில்லைவிட்டு வெளியே வராதவர், கையில் மூன்று டப்பாவோடு வந்தார், மூன்றும் இருபது-ஐம்பது மினரல், மூன்று கம்பெனி. டீச்சர் முகத்தைப் பார்க்காமல், மலைக்குப் போகிற எஞ்சினுக்கு எதை ஊற்றுவது என்று நான் பார்த்துச் சொல்லலாமா என்று கேட்டார். பாருங்கள் என்றார் டீச்சர். ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு எடுத்து உள்ளங்கையில் போட்டுச் சூடு பறக்கத் தேய்த்து மோந்தார், நாக்கில் மட்டும் வைக்கவில்லை. நடு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதில் அச்சடித்திருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டு, நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன் அண்ணாச்சி என்றார். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெயில் என்றார்.

மறுநாள் காலையில் தகரத் தட்டு காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும் காலி. தூக்குவாளிகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பின. கோவில் பூசாரி கடையில் எண்ணெய் வாங்கினார். கனி இரண்டு அடுப்பை அணைத்தாள், சாத்தூர்க்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள், தெரு பத்து நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. அதை மறைக்க மாட்டேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நிம்மதி எங்களுக்கு உடனே வரவில்லை, முதலில் எண்ணெய் போன வருத்தம்தான் வந்தது.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது டீச்சர் கிளம்பினார். பக்கத்து சீட்டில் உட்கார யார் வருகிறீர்கள் என்று கேட்டார். கனி அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பின்னால் மில் வேனில் நானும் அண்ணாச்சியும், சீட்டுக்கடியில் ஆறு டப்பா ஆயில். கள்ளிக்குடியில் பெண்கள் துணியோடு ரோட்டோரம் நின்றார்கள், கார் தாண்டிப் போனதும் ரோட்டைப் பார்த்தார்கள், பிறகு எங்கள் வேனை முறைத்தார்கள். திருமங்கலம் போனது, மதுரை போனது, வத்தலக்குண்டில் டீ குடித்தோம், மலை ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் அண்ணாச்சி வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி ரோட்டைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பச்சைக் கார் முன்னால் உறுமிக்கொண்டே ஏறியது, டீச்சரின் ஸ்கார்ஃப் பறந்தது, கனி இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ சத்தமாகச் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

பாதி மலையில் ஒரு வளைவில் மேலிருந்து பஸ் வந்துவிட்டது. டீச்சர் சரிவிலேயே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பஸ் விலகியபின் மறுபடி எடுக்க வேண்டும். கிளட்சை முழுசாக மிதித்து, கியர் போட்டு, மெல்ல விட வேண்டும். ஒருமுறை மிதித்தார், பாதிதான் போனது, கார் அரை அடி பின்னால் உருண்டு நின்றது. இரண்டாவது முறையும் அப்படியே. ஹேண்ட்பிரேக் முனகியது. நான் வேனிலிருந்து இறங்கி ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். டீச்சரின் இடது கால் துணி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது, முகமெல்லாம் வியர்வை. நான் ஓட்டட்டுமா என்று கேட்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. கனிதான் சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள். மூட்டை மூட்டையாக மாவு பிசைந்த தன் இரண்டு கையையும் டீச்சரின் தொடைமேல், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வைத்தாள்.

"நீங்க சொல்லுங்க டீச்சர், நான் அமுக்குறேன். விடுன்னா விடுறேன்."

"அமுக்கு" என்றார் டீச்சர்.

கிளட்ச் தரைவரைக்கும் போனது. கியர் விழுந்தது. மெல்ல, மெல்ல, விடு என்றார், கனி மெல்ல மெல்ல விட்டாள். கார் ஒரு தடவை உதறிவிட்டு மேலே ஏறியது. மிச்சம் இருந்த மலை முழுக்க அந்தக் காரின் கிளட்சை இரண்டு பெண்கள் சேர்ந்துதான் மிதித்தார்கள்.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு திருப்பத்தில் நிறுத்தினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் ரோட்டில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு இல்லை என்று உள்ளிருந்தே சொன்னார். வெளியே வரக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார், நாங்கள் மூன்று பேரும் ஏரியைப் பார்ப்பதுபோல் நின்றோம். பிறகு கையைக் கொடுத்துத் தூக்கி, மைல்கல்லில் உட்காரவைத்தோம். குளிரில் எல்லோருக்கும் பசி. கனி பொட்டலத்தைப் பிரித்தாள், விடிகாலையில் கடை எண்ணெயில் சுட்ட வடை.

டீச்சர் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"எப்படி இருக்கு டீச்சர்?" என்றாள் கனி.

டீச்சர் மென்று முழுங்கினார். "சுமார்தான்" என்றார்.

"தெரியும்" என்றாள் கனி.

டீச்சர் இன்னொன்று எடுத்துக்கொண்டார்.